மருத்துவமா, மருத்துவத் துணைத் தொழிலா?

“பிள்ளை என்ன படிக்கிறான்?” என்று ஊரில் கேட்பவர்கள் இரண்டு விடைகளைத்தான் எதிர்பார்க்கிறார்கள். ஒன்று டாக்டர், மற்றொன்று எஞ்சினியர். நான் உயிர்வேதியியலில் முதுகலை படிக்கிறேன் என்று சொன்னால், “அப்படியா?” என்று கேட்டுவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருப்பார்கள். அந்தப் பேசாத நேரத்தின் பொருளை நான் நன்கு அறிவேன். நீட் தேர்வை இருமுறை எழுதி இருமுறையும் இடம் பெறாதவன் நான்.

இப்போது என் தங்கை இரண்டாம் பி.யூ. படிக்கிறாள். அல்சூரில் தச்சுவேலை செய்யும் தந்தையின் வருவாயில் நடக்கும் குடும்பம் எங்களுடையது. “அண்ணா, நான் டாக்டருக்கு முயலட்டுமா? இல்லை, நான்கு ஆண்டில் முடிகிற படிப்பு ஒன்றில் சேரட்டுமா?” என்று ஒருநாள் கேட்டாள். உடனே விடை சொல்ல என்னால் இயலவில்லை. அதன்பின் படித்தும் கேட்டும் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறேன். நம்மில் பலர் வீட்டிலும் தம்பி தங்கையர் இதே கேள்வியோடு இருப்பார்கள் அன்றோ?

முதலில் ஒரு மயக்கத்தைப் போக்கிக்கொள்ள வேண்டும். குறுகிய படிப்புப் படித்தவர் ‘பாதி டாக்டர்’ என்று பலர் எண்ணுகிறார்கள். ஒரு காலத்தில் குறுகிய படிப்பின் வழியாகவே மருத்துவர் ஆக முடிந்தது என்பது உண்மையே. சென்னை மாகாணத்தில் எல்.எம்.பி. என்னும் சான்றிதழ் பெற்றவர்கள் ஊர்தோறும் மருத்துவம் பார்த்தார்கள். வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1918ஆம் ஆண்டு பெண்களுக்கென்று தொடங்கிய மருத்துவப் பள்ளியும் முதலில் இந்தச் சான்றிதழுக்கே பயிற்சி தந்தது. பட்டப் படிப்பு அங்கே 1942இல்தான் வந்தது. 1946இல் அறிக்கை தந்த போர் குழு, நாட்டில் இருவகை மருத்துவர் இருத்தல் ஆகாது, ஒரே தரமான அடிப்படை மருத்துவரே வேண்டும் என்று பரிந்துரைத்தது. குறுகிய வழி மெல்ல மெல்ல அடைபட்டது. பிற்காலத்தில் அசாம் அரசு, சிற்றூர்களுக்காக மூன்றாண்டு மருத்துவப் படிப்பு ஒன்றை 2004ஆம் ஆண்டுச் சட்டத்தால் கொண்டுவந்தது. அச்சட்டம் செல்லாது என்று 2014இல் குவாஹாட்டி உயர்நீதிமன்றம் கூறியது. 2023 சனவரியில் உச்சநீதிமன்றமும் அதனை உறுதி செய்தது.

ஆகவே, இன்று ஒருவர் குறுகிய படிப்பைத் தேர்ந்தால், அவர் தேர்வது சிறிய மருத்துவத்தை அன்று, வேறொரு தொழிலை. இதை உணராமல் சேர்பவர்கள்தாம் பின்னால் வருந்துகிறார்கள்.

அத்தொழில்கள் எவை? எலும்பும் தசையும் மீண்டும் இயங்கப் பழக்கும் இயன்முறை மருத்துவம், கண் பரிசோதனை, கதிர்ப்படம் எடுத்தல், ஆய்வுக்கூடச் சோதனை, சிறுநீரகம் பழுதானவர்க்கு இரத்தச் சுத்திகரிப்பு, மயக்கமருந்துத் தொழில்நுட்பம், பேச்சும் கேள்வியும் பற்றிய பயிற்சி, உணவு முறை என்று பட்டியல் நீளும். இவற்றுக்கென்று 2021ஆம் ஆண்டு நடுவண் அரசு தனிச் சட்டம் இயற்றி ஓர் ஆணையத்தை ஏற்படுத்தியது. ஐம்பதுக்கு மேற்பட்ட தொழில்கள் பத்துப் பிரிவுகளாக அதில் அடங்கியுள்ளன. செவிலியரும் மருந்தாளுநரும் வேறு சட்டங்களின்கீழ் வருபவர்கள்.

படிப்பதற்குத் தொலைவு போகவும் வேண்டியதில்லை. நம் நகரத்து நிம்ஹான்சில் செவிலியம், கதிர்ப்படம், மயக்கமருந்துத் தொழில்நுட்பம் ஆகியவற்றில் பட்டப் படிப்புகள் உள்ளன. மைசூரில் 1965இல் தோன்றிய அகில இந்தியப் பேச்சு, கேள்வி நிறுவனம் தன் துறையில் நாடறிந்தது.

இனி, தேர்ந்தெடுக்கும் முன் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் நான்கு.

முதற் கேள்வி: எத்தனை ஆண்டு காத்திருக்க முடியும்? எம்.பி.பி.எஸ். படிப்பு நான்கரை ஆண்டு. உள்ளுறைப் பயிற்சி ஓராண்டு. சிறப்பு மருத்துவர் ஆக வேண்டுமானால் மேலும் மூன்றாண்டு. முதல் முயற்சியிலேயே இடம் கிடைத்தவருக்கும் இருபத்தாறு, இருபத்தேழு வயது ஆகிவிடும். துணைத் தொழிற் படிப்புகளோ பெரும்பாலும் பயிற்சியையும் சேர்த்து நான்கு ஆண்டு. இயன்முறை மருத்துவம் சற்று மிகுதி. என்னோடு பள்ளியில் படித்த தோழி ஒருத்தி இப்போதுதான் பயிற்சியை முடிக்கிறாள். கதிர்ப்படம் படித்த நண்பனோ ஒன்றரை ஆண்டாகச் சம்பளம் வாங்கி வீட்டுக்கு அனுப்புகிறான். இருவரில் யார் வென்றவர் என்று கேட்பது வீண். யார் வீட்டில் எது தாங்கும் என்பதே கேள்வி.

இரண்டாவது: இடம் கிடைக்கும் வாய்ப்பு என்ன? 2025ஆம் ஆண்டு நீட் தேர்வை எழுதியவர்கள் இருபத்திரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள், நாட்டிலுள்ள எம்.பி.பி.எஸ். இடங்களோ ஒரு இலட்சத்துக்குச் சற்று மேல். அவற்றிலும் ஏழைக்கு எட்டும் கட்டணம் பெரும்பாலும் அரசுக் கல்லூரியில்தான். இங்கே நம்மைப் போன்ற குடியேறியவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கருநாடக மாநில ஒதுக்கீட்டில் பெரும்பாலோர் தகுதி பெறுவது, இம்மாநிலத்தில் ஏழாண்டு படித்தவர் என்னும் விதியால். பள்ளிச் சான்றுகளை இப்போதே தேடி எடுத்து வையுங்கள். கடைசி வாரத்தில் அலைவது பயன்படாது.

மூன்றாவது: எத்தகைய வேலை உங்கள் இயல்புக்கு ஒத்தது? மருத்துவர்க்கு முடிவு சொல்லும் உரிமை உண்டு; முடிவு பிழைத்தால் அதைச் சுமக்கும் கடமையும் உண்டு. மற்றவர்க்கு அந்த உரிமை குறைவு. ஆனால் பொறுப்புக் குறைவென்று எண்ணிவிடாதீர்கள். சென்ற ஆண்டு ஓர் ஆய்வுக்கூடத்தில் பயிற்சிக்கு இருந்தபோது நான் கண்டதைச் சொல்கிறேன். ஒரு நோயாளியின் இரத்தத்தில் பொட்டாசியம் மிகுதி என்று கருவி காட்டியது. பொட்டாசியம் மிகுந்தால் இதயத் துடிப்பே கெடும். மருத்துவர் உடனே மருந்து கொடுப்பார். அங்கிருந்த ஆய்வக அம்மையார் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மஞ்சளாக இருக்க வேண்டிய சீரம் சிவந்திருந்தது. இரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்தால் அவற்றினுள் இருக்கும் பொட்டாசியம் கசிந்து அளவைப் பொய்யாக உயர்த்திவிடும். “இதை அனுப்பக்கூடாது தம்பி, மறுபடி எடுக்கச் சொல்” என்றார். மறுமுறை எடுத்தபோது அளவு சரியாக இருந்தது. அந்த நோயாளிக்கு அம்மையாரின் பெயர் தெரியாது. நம் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்தபோது, நோயாளி, மருத்துவன், மருந்து என்பவற்றோடு உடனிருந்து தொண்டு செய்பவனையும் ஒரு கூறாக வைத்தது ஏன் என்று அன்றுதான் எனக்கு விளங்கிற்று.

நான்காவது கேள்வி மிக முதன்மையானது: பின்னர் மாற்றிக்கொள்ள முடியுமா? “முதலில் இதில் சேர்கிறேன், பிறகு இதிலிருந்தே டாக்டர் படிப்புக்குத் தாவிவிடுகிறேன்” என்பார் பலர். அப்படித் தாவ வழி இல்லை. துணைத் தொழிற் பட்டம் பெற்றவரும் நீட் எழுதி, முதலாண்டிலிருந்தே தொடங்க வேண்டும். நீட் தேர்வுக்கு மேல் வயது வரம்பு 2022இல் நீக்கப்பட்டது. ஆதலால் கதவு அடைபடவில்லை. எனினும், தாவுவதற்கான படிக்கட்டாக ஒரு தொழிலைக் கருதிச் சேர்பவன் அதையும் மனம் ஒன்றிக் கற்கமாட்டான்.

என் கதைக்கு வருகிறேன். இரண்டாம் முறையும் இடம் கிடைக்காதபோது, திருப்பத்தூர்ப் பக்கம் எங்களுக்கு இருக்கும் சிறு நிலத்தை விற்றுத் தனியார் கல்லூரியில் சேர்த்துவிடலாம் என்றார் தந்தை. வேண்டாம் என்றேன். அதைக் குறித்து எனக்கு வருத்தம் இல்லை. வருத்தம் வேறொன்றில். அந்த ஈராண்டிலும், மருத்துவமனையில் வேறு எத்தனை பேர் என்னென்ன செய்கிறார்கள் என்று நான் ஒருநாளும் திரும்பிப் பார்க்கவில்லை. டாக்டர் இல்லையேல் ஒன்றுமில்லை என்று எண்ணியிருந்தேன்.

தங்கைக்கு நான் சொன்னது இதுதான். நீட் எழுது, முழு மனத்தோடு எழுது. எத்தனை முறை என்பதைத் தேர்வுக்கு முன்பே முடிவு செய்துகொள். அதோடு, வேறொரு தொழிலையும் நேரில் போய்ப் பார்த்துத் தேர்ந்து வை. தோற்றவனுக்குக் கிடைக்கும் ஆறுதற் பரிசாக அதை எண்ணாதே.

அவள் ஓராண்டு மட்டும் முயல்வது என்று முடிவு செய்திருக்கிறாள். செவி கேளாத எங்கள் பாட்டியை அழைத்துக்கொண்டு சென்ற மாதம் ஒரு கேள்விப் பரிசோதனைக் கூடத்துக்குப் போய், அங்கே பணிபுரிபவர்களோடு நெடுநேரம் பேசிவிட்டு வந்தாள். இனி ஊரில் யாரேனும், “தங்கை என்ன படிக்கப் போகிறாள்?” என்று கேட்டால், இரண்டையும் ஒரே குரலில் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை.