தஞ்சைப் பயணம்: முதலில் பார்க்க வேண்டியது கடிகாரம்

தஞ்சாவூர் போகக் கணக்குப் போடுகிறவர்கள் அறை வாடகையையும் வண்டி வாடகையையும்தான் முதலில் கூட்டிப் பார்க்கிறார்கள். நடை சாத்தும் நேரத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பெரிய கோயில் காலை 6 மணிக்குத் திறக்கும். மதியம் 12.30 வாக்கில் சன்னிதி சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் மறுபடி நடை திறப்பார்கள். தாராசுரமும் கங்கைகொண்ட சோழபுரமும் ஏறக்குறைய இதே முறைதான்.

ஒரே நாளில் மூன்று கோயிலையும் முடித்துவிடலாம் என்று கார் பேசினால், போய்வர சுமார் 150 கிலோமீட்டர். கிலோமீட்டர் கணக்கு, டிரைவர் பேட்டா எல்லாம் கொடுத்தும், மூன்றில் ஒன்று கட்டாயம் உச்சி வெயிலில் மாட்டிக்கொள்ளும். வாடகை வண்டி மரத்தடியில் நிற்கும், வீட்டார் சாத்திய கதவைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

என் யோசனை, இரண்டு நாள், கார் வேண்டாம். முதல் நாள் விடியற்காலையில் பெரிய கோயில். நுழைவுக் கட்டணம் கிடையாது. 1010இல் ராஜராஜன் கட்டி முடித்த விமானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். சுவரோரமாக நடந்து, கல்வெட்டு எழுத்துகளுக்கு அருகில் போய் நில்லுங்கள். யார் எந்த நகையைக் கொடுத்தார், எந்த ஊர் எவ்வளவு நெல் அளந்தது, கோயிலில் ஆடிய தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரில் யாருக்கு எந்த வீடு என்று ஒரு பெரிய கணக்குப் புத்தகமே கல்லில் இருக்கிறது. சாய்வெயில் விழும் நேரத்தில் வெட்டெழுத்து ஒவ்வொன்றும் நிழலோடு எழுந்து நிற்கும். அதற்காகவே மாலை 4 மணிக்கு மேல் இன்னொரு முறை போகலாம். பிரதோஷ நாளில் மட்டும் வேண்டாம். நந்தி அபிஷேகத்துக்கு வரும் கூட்டத்தில் சுவர்ப் பக்கமே போக முடியாது.

நடுவில் கிடக்கும் மதியத்துக்கு அரண்மனை இருக்கிறது. கலைக்கூடத்தில் சோழர் காலச் செப்புத் திருமேனிகள், பக்கத்திலேயே சரஸ்வதி மகால் நூலகத்தின் அருங்காட்சியகம். இவற்றுக்குத் தனித்தனி டிக்கெட் எடுக்க வேண்டும். விடுமுறை நாளை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் பெட்டியோடு கும்பகோணத்துக்குப் பஸ் ஏறிவிடுங்கள். 40 கிலோமீட்டர்தான், பஸ்ஸுக்குக் குறைவில்லை. பெட்டியை அங்கே ஓர் அறையில் போட்டுவிட்டுக் காலையிலேயே தாராசுரம். ஊருக்குள் டவுன் பஸ் போதும், சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் பெண்கள் காசு கொடுக்க வேண்டியதில்லை. குதிரை இழுக்கும் தேராகவே செதுக்கிய மண்டபத்தைக் குழந்தைகள் சுற்றிச் சுற்றி வருவார்கள். சாப்பிட்டுக் கொஞ்சம் கண்ணயர்ந்து, மாலைக்குக் கங்கைகொண்ட சோழபுரம் போகலாம். ராஜேந்திரன் கட்டிய கோயில். புல்வெளியில் உட்கார இடம் தாராளம்.

ஊர் திரும்ப ரயில் டிக்கெட்டைத் தஞ்சாவூரிலிருந்து எடுக்காமல் கும்பகோணத்திலிருந்தே எடுங்கள். 60 நாள் முன்னால் முன்பதிவு திறக்கும். பொங்கல், தீபாவளியை ஒட்டிப் போவதானால் அன்று காலையிலேயே எடுத்துவிடுங்கள்.