அடிக்கும் முன் அடையாளம் காண்போம்

“வெளக்கமாத்த எடுத்துட்டு வாடா!”

தம்போயில் எங்கள் வீட்டுச் சமையலறையிலிருந்து அம்மா போட்ட சத்தத்தில் ஓடினேன். சுவரில் உள்ளங்கை அளவுக்கு ஒரு பழுப்புச் சிலந்தி. வயிற்றின் கீழ் வெள்ளை வில்லை ஒன்று ஒட்டியிருந்தது.

“விஷப்பூச்சிடா, அடி!”

நான் அடிக்கவில்லை. தள்ளி நின்று கைப்பேசியில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். தட்டையான உடல், நண்டுபோல் பக்கவாட்டில் விரிந்த கால்கள், முகத்தில் வெளிர்மஞ்சள் பட்டை. அருகில் வலையே இல்லை. இந்த அடையாளங்களை வைத்துத் தேடியதும் பெயர் கிடைத்தது: ஹெட்டெரோபோடா வெனடோரியா. 1767இல் லின்னேயஸ் விவரித்த வேட்டைச் சிலந்தி இது. வலை பின்னாது, இரவில் கரப்பான்பூச்சிகளைப் பாய்ந்து பிடிக்கும். சீண்டினால் கடிக்கும், வலிக்கும், உயிருக்கு ஆபத்தில்லை. அந்த வில்லை அதன் முட்டைப் பை. குஞ்சு பொரியும்வரை தாய் அதைச் சுமந்தே திரியும்.

“பிள்ளத்தாச்சிம்மா” என்றேன். அம்மா விளக்குமாற்றைக் கீழே வைத்தார்.

டப்பாவால் மூடி, அடியில் அட்டையைச் செருகி, வேலியோர வாழையடியில் விட்டோம்.

நண்பர்களே, தெரியாத சிலந்தியைக் கையால் தொடாதீர்கள். பயத்தில் நசுக்கவும் வேண்டாம். முதலில் படமெடுங்கள். கால், கண், வலை ஆகியவற்றைக் கவனியுங்கள். பெயர் தெரியாததெல்லாம் விஷமல்ல.

இப்போது கரப்பான் ஓடினால் அம்மா கேட்கிறார்: “அந்தத் தாய ஏண்டா வெளிய விட்டே?”