மெய்நிகர் கணினியில் லினக்ஸ்: எங்கே நின்றது என்று கேட்போம்

பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடத்தில் விண்டோஸோடு உபுண்டுவும் இருக்கிறது. புத்தகத்தில் உள்ள படங்களைக் காட்டியே அதை நடத்தி முடித்துவிடலாம். நானும் சில ஆண்டுகள் அப்படித்தான் செய்தேன். 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. டெபியனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் நிறுவனம் உருவாக்கியது அது. என் பழைய மாணவர்கள் பலர் அந்தப் பக்கம் போனதே இல்லை. கேட்டால், "எதையாவது அமுக்கி எல்லாம் அழிஞ்சிட்டா?" என்பார்கள்.

அந்தப் பயத்துக்கு நல்ல மருந்து மெய்நிகர் கணினி. விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற இலவச மென்பொருள், நம் கணினிக்குள்ளேயே இன்னொரு கணினியை உருவாக்கித் தருகிறது. அதன் வன்வட்டு நம் வட்டில் உள்ள ஒரு கோப்பு மட்டுமே. நிறுவும்போது 'வட்டை முழுவதும் அழித்து நிறுவவா?' என்று கேட்கும். மெய்நிகர் கணினிக்குள் தாராளமாக 'ஆம்' என்று சொல்லலாம், அந்தக் கோப்புக்குள் இருப்பது மட்டுமே அழியும். அதே பதிலை உண்மைக் கணினியில் சொன்னால் எல்லாம் போய்விடும். இந்த வேறுபாட்டை முதலிலேயே மாணவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.

அன்று நடந்தது

சுந்தரபாண்டியபுரத்து வயல்களில் சூரியகாந்தி பூத்து, குற்றாலத்துச் சாரல் இங்கே வரை எட்டிப் பார்க்கும் ஓர் ஆடி மாதப் பிற்பகல். மூன்று கணினிகளில் குழுவாக உபுண்டுவை நிறுவத் தொடங்கினோம். முதல் கணினியில் மெய்நிகர் கணினி தொடங்கவே இல்லை. இரண்டாவதில் கோப்புகள் நகலாகிக்கொண்டிருக்கும்போது சாளரம் சட்டென்று மூடிக்கொண்டது. மூன்றாவதில் பாதியில் பிழைச் செய்தி வந்தது. இரண்டாவது கணினி முன் இருந்த மாணவி கையை எடுத்துக்கொண்டு, "நான் ஒண்ணுமே தொடல சார்" என்றாள். கண் கலங்கியிருந்தது.

பதற்றத்தில் நான் ஒரு தவறு செய்தேன். நினைவகம், திரை, செயலி என்று நான்கைந்து அமைப்புகளை ஒரே நேரத்தில் மாற்றினேன். எதுவும் சரியாகவில்லை. சரியாகியிருந்தாலும் எதனால் என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்க முடியாது.

அப்போது பின்வரிசையில் இருந்த ஒரு மாணவன் சொன்னான்: "கடைசி வயலுக்குத் தண்ணி வரலேன்னா எங்கப்பா மடையிலேர்ந்து நடந்து வருவாங்க சார். எதுவரைக்கும் வந்துருக்குன்னு பாத்தா, எங்க அடைச்சிருக்குன்னு தெரிஞ்சிரும்."

அன்றைய பாடத்தை அவன்தான் நடத்தினான் என்று சொல்ல வேண்டும். 'ஏன் வேலை செய்யவில்லை?' என்ற கேள்வியை விட்டுவிட்டு, 'எதுவரை வந்தது?' என்று கேட்டோம்.

நின்ற இடமும் காரணமும்

தொடங்கவே இல்லை என்றால்: செயலியில் உள்ள மெய்நிகராக்க வசதி அணைந்திருக்கலாம். கணினியை இயக்கியதும் எஃப் 2, எஃப் 10, டெலீட் ஆகியவற்றில் அந்தக் கணினிக்குரிய விசையை அழுத்தி பயாஸுக்குள் சென்று, இன்டெல் செயலியானால் 'விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி', ஏ.எம்.டி. ஆனால் 'எஸ்.வி.எம்.' என்பதை இயக்க வேண்டும். விர்ச்சுவல்பாக்ஸின் பழைய பதிப்புகளில், இது அணைந்திருந்தால் பட்டியலில் 64 பிட் லினக்ஸே தென்படாது. எங்கள் முதல் கணினியின் சிக்கல் இதுதான்.

தொடங்கியும் ஆமை வேகம் என்றால்: சாளரத்தின் கீழ்ப்பட்டையில் பச்சை ஆமைப் படம் தெரிகிறதா என்று பாருங்கள். விண்டோஸின் ஹைப்பர்-வி அந்த வசதியைத் தன்வசம் வைத்திருக்கிறது என்பதன் அடையாளம் அது.

திரை கறுப்பாகவே நின்றால்: டிஸ்ப்ளே அமைப்பில் முப்பரிமாண முடுக்கத்தை நீக்குங்கள். கிராஃபிக்ஸ் கன்ட்ரோலர் 'வி.எம்.எஸ்.வி.ஜி.ஏ.' என்று இருக்கட்டும்.

நகலாகும்போது சாளரமே மூடிக்கொண்டால்: நினைவகத்தைச் சந்தேகியுங்கள். எங்கள் கணினியில் இருந்தது 4 ஜி.பி. அதில் 3 ஜி.பி.யை உபுண்டுவுக்குக் கொடுத்துவிட்டு, விண்டோஸை மூச்சுத் திணற விட்டிருந்தேன். நினைவகம் ஒதுக்கும் பட்டையில் பச்சைப் பகுதியைத் தாண்டக் கூடாது. 2 ஜி.பி. ஒதுக்கி, எடை குறைந்த லூபுண்டுவை நிறுவினோம், ஓடியது. வட்டில் போதிய இடம் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மெய்நிகர் வட்டுக்கு 25 ஜி.பி. என்று எழுதினாலும் அந்தக் கோப்பு சிறிதாகத் தொடங்கித்தான் வளரும். வளரும்போது உண்மை வட்டு நிறைந்துவிட்டால் நிறுவல் நடுவில் நின்றுவிடும்.

நகலாகும்போது பிழைச் செய்தி வந்தால்: பதிவிறக்கிய ஐ.எஸ்.ஓ. கோப்பு பழுதாகியிருக்கலாம். உபுண்டுவின் பதிவிறக்கப் பக்கத்தில் ஒவ்வொரு கோப்புக்கும் 'எஸ்.எச்.ஏ. 256' என்ற நீண்ட சரிபார்ப்பு எண் தந்திருப்பார்கள். நம்மிடம் உள்ள கோப்புக்கு அதைக் கணக்கிட்டு ஒப்பிட வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் கோப்பு சரியில்லை என்று பொருள். எங்கள் மூன்றாவது கணினிக்குப் பென்டிரைவில் எடுத்து வந்த நகல் முழுமையாக இல்லை.

முடிந்த பிறகும் மீண்டும் நிறுவச் சொன்னால்: இது பழுதே அல்ல. ஐ.எஸ்.ஓ. கோப்பு இன்னும் மெய்நிகர் குறுவட்டுப் பெட்டியில் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால் போதும்.

வகுப்பறையில் மூன்று பழக்கங்கள்

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். மாற்றியதையும் விளைவையும் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். பிழைச் செய்தியைப் பார்த்ததும் மூடிவிடாமல் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். செய்தி எதுவும் வராவிட்டால், விர்ச்சுவல்பாக்ஸில் உள்ள பதிவுக் கோப்பின் கடைசி வரிகளைப் பாருங்கள், தண்ணீர் எதுவரை வந்தது என்று அங்கே எழுதியிருக்கும். நிறுவி முடித்ததும் ஒரு 'ஸ்னாப்ஷாட்' எடுத்துவையுங்கள். பிறகு மாணவர்கள் எதைக் கெடுத்தாலும் சில நிமிடங்களில் பழைய நிலைக்குத் திரும்பிவிடலாம்.

கண் கலங்கி நின்ற மாணவிதான் மறுவாரம் நினைவக ஒதுக்கீட்டைத் திருத்தி லூபுண்டுவை நிறுவினாள். முடிந்ததும், "சார், இன்னொரு தடவை கெடுத்துப் பாக்கவா?" என்று கேட்டாள். அவளுக்காகத்தான் அந்த ஸ்னாப்ஷாட்டை எடுத்து வைத்திருந்தேன்.