தனித் தாய்ப்பாலூட்டலும் தாய்மார்களின் கொள்கை அறிவும்

தனித் தாய்ப்பாலூட்டல் என்பது குழந்தை பிறந்தது முதல் 6 மாதம் நிறைவடையும் வரை தாய்ப்பாலை மட்டுமே கொடுப்பதாகும். தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர், தேன், பசும்பால், மாவுப்பால் எதுவும் கொடுக்கப்படுவதில்லை. மருத்துவர் கூறும் மருந்து, வைட்டமின் சொட்டு மருந்து, உப்புச் சர்க்கரைக் கரைசல் ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு.

கொள்கையும் சட்டமும்

பிறந்த 1 மணி நேரத்துக்குள் பாலூட்டத் தொடங்குதல், 6 மாதம் தாய்ப்பால் மட்டும் தருதல், பின்னர் இணை உணவுடன் 2 ஆண்டுகளும் அதற்கு மேலும் பாலூட்டுதல் ஆகியவை உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைகள். குழந்தை நேய மருத்துவமனைத் திட்டம் 1991இல் தொடங்கப்பட்டது. எழுத்து வடிவிலான பாலூட்டல் கொள்கையை வைத்திருந்து, அதை ஊழியருக்கும் பெற்றோருக்கும் தெரிவிப்பது இத்திட்டம் பின்பற்றும் பத்துப் படிகளுள் ஒன்று. தாய்ப்பால் மாற்று உணவுகளின் விளம்பரத்தை இந்தியா 1992ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடை செய்தது. 2003இல் அச்சட்டம் மேலும் கடுமையாக்கப்பட்டது. 2016இல் நடுவண் அரசு 'மா' என்னும் தாய்ப்பால் ஊக்குவிப்புத் திட்டத்தைத் தொடங்கியது.

தமிழ்நாட்டின் நிலை

ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019–21) தமிழ்நாட்டில் ஏறத்தாழ எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனைகளிலேயே நடைபெறுகின்றன. ஆயினும் 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் ஏறக்குறைய 55 விழுக்காட்டினரே தாய்ப்பாலை மட்டும் பெறுகின்றனர்; இந்திய சராசரி ஏறக்குறைய 64 விழுக்காடு. மருத்துவமனைப் பிரசவம் மட்டுமே தனித் தாய்ப்பாலூட்டலை உறுதி செய்வதில்லை என்பதை இது காட்டுகிறது.

அறிவிலுள்ள இடைவெளி

'ஆறு மாதம் தாய்ப்பால்' என்பதை அறிந்த தாயும் தண்ணீர் கொடுப்பது அவ்விதியை மீறுவதாகும் என்பதை அறியாதிருக்கலாம். தாய்ப்பாலில் சுமார் 88 விழுக்காடு நீரே. எனவே சென்னையின் கோடையிலும் குழந்தைக்குத் தனியே தண்ணீர் தேவையில்லை. சேனை வைத்தல், வசம்பு உரைத்துக் கொடுத்தல், கிரைப் வாட்டர் புகட்டுதல் போன்ற வழக்கங்களும் தனித் தாய்ப்பாலூட்டலைக் குலைக்கின்றன. நோய் எதிர்ப்புப் பொருள்கள் நிறைந்த சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுவது தவறு. பால் போதவில்லை என்ற அச்சமும் புட்டிப்பாலுக்கு வழிவகுக்கிறது. குழந்தை நாளொன்றுக்கு 6 முறைக்கு மேல் சிறுநீர் கழித்து, எடையும் கூடினால் பால் போதுமானது. குழந்தை சப்பிக் குடிக்கக் குடிக்கப் பால் சுரப்பு பெருகும்; புட்டிப்பால் சேரச் சேர அது குறையும்.

பணிபுரியும் தாய்மார்கள்

அம்பத்தூர் தொழிற்பேட்டை, ஆவடி, பூந்தமல்லி ஆகியவை அடங்கிய சென்னையின் மேற்குப் புறநகரில் ஆலைகளிலும் ஆயத்த ஆடைக் கூடங்களிலும் பெண்கள் பலர் வேலை செய்கின்றனர். 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி முதல் இரு பிரசவங்களுக்கு 26 வாரம் ஊதியத்துடன் கூடிய விடுப்பு உண்டு. இதில் 8 வாரத்தைப் பிரசவத்துக்கு முன்பே எடுத்துக்கொண்டால் எஞ்சுவது 18 வாரம், அதாவது ஏறத்தாழ 4 மாதமே. குழந்தைக்கு 6 மாதம் நிறையும் முன்பே தாய் வேலைக்குத் திரும்ப நேரிடுகிறது.

இந்த இடைவெளியை நிரப்பச் சட்டத்தில் வழி உள்ளது. குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை நாளொன்றுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளைகள் பெறலாம். 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும். தூய பாத்திரத்தில் பீய்ச்சிய பாலைக் குளிர்பதனப் பெட்டியில் 4 நாள் வரை வைத்திருந்து, வீட்டிலுள்ளோர் பாலாடையால் புகட்டலாம். வீட்டு வேலை, கட்டட வேலை போன்ற அமைப்புசாராத் தொழில்களில் உள்ளோருக்கு இவ்விடுப்பு நடைமுறையில் கிடைப்பதில்லை. ஏழைத் தாய்மார்களுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் ஓரளவு துணைநிற்கிறது.

ஆகவே கர்ப்பகாலப் பரிசோதனையின்போதே பாலூட்டும் முறையுடன் விடுப்பு, இடைவேளை, காப்பகம் ஆகிய உரிமைகளையும் தாய்க்கும், வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டிக்கும் எடுத்துரைப்பது இன்றியமையாதது.