இதயத்துக்கு ரத்தம் எங்கிருந்து வருகிறது தெரியுமா?

நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் ரத்தத்தைத் தள்ளுகிற இதயம், தன் அறைக்குள் நிறைந்து நிற்கும் ரத்தத்தில் இருந்து நேரடியாகப் பசியாறுவதில்லை! உட்சுவரை ஒட்டிய மிக மெல்லிய அடுக்குக்குத்தான் அது எட்டும். தவளைக்கு அந்தக் கவலை இல்லை. அதன் கீழறைத் தசை முழுக்க இடுக்குகள். உள்ளே வரும் ரத்தமே தசைக்கும் தீனி.

நமக்கு? குளத்தூர்க் கரிசலில் கண்மாய்ப் பாசனம் பார்த்த சம்சாரிக்கு ஒரு சொல் போதும்: முதல் மடை! இதயத்தை விட்டுப் பெருந்தமனி கிளம்பி, வால்வைத் தாண்டியதுமே வலதும் இடதுமாக இரண்டு கரோனரி தமனிகள் பிரிந்துவிடுகின்றன. மூளைக்குப் போகும் கிளைகள்கூட அதற்கு அப்புறம்தான்! மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலமே உள்ள இந்தக் குழாய்கள், இதயம் தள்ளும் ரத்தத்தில் சுமார் 5 சதவீதத்தை வாங்கிக்கொள்கின்றன. அதிலும் இடப்பக்கத் தசைக்குப் பெரும்பங்கு வந்து சேர்வது இதயம் சுருங்கும்போது அல்ல, தளரும்போது!

பெருந்தமனியில் இருந்து முளைவிட்டுத்தான் இவை கிளை பரப்புகின்றன என்று வெகுகாலம் நம்பினார்கள். நடப்பதோ தலைகீழ்! 1980-களின் கடைசியில் கருக்களை ஆராய்ந்தவர்கள் கண்டது இது: முதலில் இதயத்தின் மேல் ரத்தநாள வலை விரிகிறது, பிறகு அதுவே போய்ப் பெருந்தமனிச் சுவரைத் துளைத்து இணைகிறது. 2010-இல் கிறிஸ்டி ரெட்-ஹார்ஸ் குழுவினர் எலிக் கருவில் இன்னும் பெரிய அதிசயத்தைக் காட்டினார்கள். சிரைப் பகுதியில் இருந்து புறப்பட்ட செல்கள் தமனியாகவே மாறிவிடுகின்றன!

சேரும் இடம் மாறினால்? ஏறத்தாழ 3 லட்சம் குழந்தைகளில் ஒன்றுக்கு இடது கரோனரி தமனி நுரையீரல் தமனியில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. பிறந்த புதிதில் ஒன்றும் தெரியாது. சில வாரங்களில் நுரையீரல் தமனியின் அழுத்தம் குறைய, இதயத்துக்குப் போக வேண்டிய ரத்தம் பின்வாங்கி அங்கே வடிகிறது. அறுவை சிகிச்சையில் அந்தத் தமனியைப் பெயர்த்துப் பெருந்தமனியிலேயே நட்டுவிடுகிறார்கள்!

அடைபட்ட தமனிக்குப் புதுத் தொடக்கமே கொடுக்கலாம். கால் சிரையை எடுத்து, ஒரு முனையைப் பெருந்தமனியிலும் மறுமுனையை அடைப்புக்கு அப்பாலும் தைப்பது பைபாஸ். இந்தியாவின் முதல் வெற்றிகரமான பைபாஸை 1975-இல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் செய்தவர் டாக்டர் கே.எம். செரியன்.

தாய்மார்களே, தமனி இடம் மாறிச் சேர்ந்த குழந்தையின் அறிகுறி இப்படியும் இருக்கலாம்: பால் குடிக்கும்போது குழந்தைக்கு மூச்சு இரைத்து, வியர்த்துக் கொட்டி, குடிக்க முடியாமல் வீறிட்டு அழுதால் உரம் விழுந்தது என்று இருந்துவிடாதீர்கள். அன்றைக்கே குழந்தை மருத்துவரிடம் காட்டி, எக்கோ பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள்.