வானலையில் பேச்சுரிமை

அமெரிக்க ஐக்கிய நாட்டில் செய்தித்தாள் நடத்த விரும்புவோர் அரசினிடம் உரிமம் பெற வேண்டியதில்லை. ஆனால் தம் வீட்டுக் கூரைமேல் ஏரியல் கட்டிக் கடல் கடந்த நண்பரோடு வானலை வழியே பேச விரும்புவோர் தேர்வெழுதித் தேறி உரிமம் பெற்றாக வேண்டும். ஊதியம் கருதாது ஆர்வம் ஒன்றே காரணமாக வானொலியைக் கையாளும் இவர்களை அமெச்சூர் வானொலியாளர் என்பர். பேச்சுரிமையை அரசமைப்பின் முதல் திருத்தத்திலேயே பொறித்து வைத்த நாட்டில், பேசுவதற்கு உரிமமா என்று வினவத் தோன்றும்.

இவ்வினாவுக்கு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1943-இல், ஒலிபரப்பு நிறுவனம் ஒன்று தொடுத்த வழக்கில் விடை கூறியது. வானலை அளவுக்குட்பட்டது, விரும்புவோர் அனைவரும் அதனைப் பயன்படுத்த இயலாது, ஆகவே உரிமமின்றி வானொலியைப் பயன்படுத்துவது பேச்சுரிமையில் அடங்காது என்பதே அது. விண்ணப்பித்தவரின் அரசியற் கருத்தை நோக்கி உரிமம் வழங்கினாலோ மறுத்தாலோ அது முற்றிலும் வேறு வழக்காகும் என்றும் அத்தீர்ப்பு குறித்தது. இப்பின்பகுதியைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

இடம் எத்துணைக் குறுகியது என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். நெடுந்தொலைவு செல்லும் 20 மீட்டர் அலைவரிசை 14.000 மெகாஹெர்ட்ஸ் முதல் 14.350 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ளது. அமெரிக்கர் அதில் குரல்வழிப் பேசுவதற்கு விடப்பட்டிருப்பது 200 கிலோஹெர்ட்ஸ் மட்டுமே. ஓர் உரையாடலுக்கு ஏறத்தாழ 3 கிலோஹெர்ட்ஸ் வேண்டும். எனவே ஒன்றையொன்று இடிக்காமல் அறுபத்தாறு உரையாடல்களே நிகழக் கூடும். இதே வரிசையை உலகின் ஏனைய நாட்டவரும் பயன்படுத்துகின்றனர். அயனி மண்டல நிலை இசைந்தால் டெக்சசில் பேசுவது ஈப்போவிலும் கேட்கும்.

இனி, விதிகள் எவற்றைத் தடுக்கின்றன? கூலிக்குப் பேசுதல், வாணிகம், இசை ஒலிபரப்பு, பொய்ச் செய்தி, பொருள் மறைக்கும் சங்கேதம், ஆபாசச் சொல் ஆகியவை தடுக்கப்பட்டுள்ளன. கூலி பற்றிய விதிக்கு ஒரு விலக்குண்டு. வகுப்பறைப் பாடத்தின் பகுதியாக வானொலியை இயக்கும் ஆசிரியர் தம் சம்பளத்தைப் பெற்றுக்கொள்ளலாம்! 1993-இல் விதிகள் தளர்த்தப்படும் வரை, வானொலி வழியே கடைக்குச் சொல்லிப் பீட்சா வரவழைப்பதும் வாணிகமாகவே கருதப்பட்டது.

பட்டியலில் இல்லாதவற்றையும் நோக்குதல் வேண்டும். அரசியல் பேசாதே, சமயம் பேசாதே, ஆட்சியைக் குறை கூறாதே என்று எவ்விதியும் கூறவில்லை. 1934-ஆம் ஆண்டுத் தகவல் தொடர்புச் சட்டம் தணிக்கை செய்யும் அதிகாரத்தை ஆணையத்துக்கு வெளிப்படையாகவே மறுக்கிறது. அரசியலையும் சமயத்தையும் தவிர்ப்பது வானொலியாளர் தமக்குள் கைக்கொண்ட நன்மரபு. மரபைச் சட்டமென்று மயங்கலாகாது.

சங்கேதத் தடைக்கு ஒரு பழங்கதை உண்டு. வெவ்வேறு நாட்டு அமெச்சூர்கள் தெளிவான மொழியிலேயே பேச வேண்டும். சோதனை பற்றிய நுட்பச் செய்திகளையும், பொதுத் தந்தி தொலைபேசி வழியே அனுப்புமளவு முக்கியமற்ற சொந்தச் செய்திகளையுமே பேசலாம் என்று அனைத்துலக விதி நெடுங்காலம் கூறிவந்தது. அதாவது, பேச்சு அற்பமானது என்பதனாலேயே அதற்கு இசைவு! தந்தி வருவாயைக் காக்க எழுந்த இவ்வாசகம் 2003-இல் நீக்கப்பட்டது. பொருளை மறைக்கும் சங்கேதம் கூடாதென்பது மட்டும் நிலைத்தது. பேரிடர்க் காலத்தில் நோயாளரின் விவரங்களை மறைத்தனுப்ப இடம் வேண்டுமென்ற அமெரிக்க விண்ணப்பம் ஒன்றும் 2013-இல் தள்ளுபடியாயிற்று. அம்முடிவு கடுமையாகத் தோன்றினும் சரியென்றே கருதுகிறேன். மறைவாகப் பேச வேறு வழிகள் பலவுண்டு. யாவரும் கேட்கத்தக்க பேச்சாக இருப்பதனாலேயே வானொலியாளர் ஒருவரையொருவர் கண்காணிக்க முடிகிறது.

ஆபாசச் சொல் பற்றிய விதியே இவற்றுள் நொய்ந்தது. எச்சொல் ஆபாசம் என்பதற்கு விதிநூலில் பட்டியல் இல்லை. 1978-இல் உச்ச நீதிமன்றம் ஒலிபரப்பில் இழிசொற்களைக் கட்டுப்படுத்தலாம் என்று தீர்த்தபோது, அவை வீட்டிற்குள் தாமே புகுந்து சிறுவர் செவியில் விழுவதைக் காரணமாகக் கூறியது. தேடித் திருப்பினாலன்றிக் கேளாத அமெச்சூர் அலைக்கு அக்காரணம் முழுமையாகப் பொருந்துமா என்பது ஐயமே.

ஆயினும் வானலையில் ஒருவர் வாயை அடைப்பது பெரும்பாலும் அரசன்று, பக்கத்து வானொலியாளரே. உரிமம் பெற்றவர் 1,500 வாட் வரை ஆற்றல் பயன்படுத்தலாம். மாற்றுக் கருத்துடையவர் பேசத் தொடங்கியதும் அவர்மேல் சீழ்க்கையையோ வெற்றலையையோ ஏவி அமுக்குவோர் உளர். இதனையும் தம் பேச்சுரிமை என்பர் சிலர். எந்த அலைவெண்ணும் எவர்க்கும் தனியுடைமையன்று, வேண்டுமென்றே பிறரை இடையூறு செய்யலாகாது என்னும் விதிகள் இருப்பது இதற்காகவே. இவை பேச்சைக் குறைக்கும் விதிகள் அல்ல. இவை இல்லையேல் எளியவர் குரல் எழவே எழாது.

ஓர் உரிமை மட்டும் இங்கு அறவே இல்லை. பெயர் மறைத்துத் தேர்தல் துண்டறிக்கை வெளியிடும் உரிமையை 1995-இல் உச்ச நீதிமன்றம் காத்தது. வானொலியாளரோ பத்து நிமிடத்துக்கு ஒருமுறையும் உரையாடல் முடிவிலும் தம் அழைப்புக்குறியைக் கூறியாக வேண்டும். அக்குறி யாருடையது என்பதை எவரும் ஆணையத்தின் பதிவேட்டில் பார்த்துக்கொள்ளலாம். 2021 ஜனவரியில் வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடம் தாக்கப்பட்ட பின், கலகக்காரர் சமூக ஊடகத்தை விட்டு வானொலிக்கு மாறக்கூடும் என்ற பேச்சு எழுந்தது. அம்மாதமே ஆணையம் ஓர் எச்சரிக்கை விடுத்தது. குற்றம் புரியவோ குற்றத்துக்குத் துணைபோகவோ வானொலியைப் பயன்படுத்தலாகாது என்றது அது. முதல் திருத்தம் காக்கும் பேச்சுக்கு அதே அலைகளில் இடமுண்டு என்பதையும் அவ்வறிக்கையிலேயே எழுதிவைத்தது.