இழுப்புக்கு ஆடாதோடை: எதுவரை நம்பலாம்?



மார்கழிப் பனி ஆரம்பிச்சா போதும், குழுக் கூட்டத்தில் நாலு பேராவது இருமிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். உடனே ஒரு பெரியம்மா, "ஆடாதோடை இலையைக் கஷாயம் வச்சுக் குடி, சரியாப் போயிடும்" என்பார். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் முழு உண்மை இல்லை.

எங்கள் பகுதியில் ஒரு உறுப்பினர், "இன்ஹேலர் பழகிடும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, மகனுக்கு அதை நிறுத்திவிட்டு கஷாயம் மட்டும் கொடுத்து வந்தார். ஒருநாள் விடியற்காலை பிள்ளைக்கு மூச்சே விட முடியவில்லை. கோரிமேடு ஜிப்மருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். பிள்ளை பிழைத்தான். எல்லோருக்கும் அப்படி அமையாது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

ஆடாதோடை என்ன செய்யும்?

வேலியோரம் வெள்ளைப் பூவோடு நிற்கும் கசப்புச் செடி இது. ஆடு தொடாததால் இந்தப் பெயர் வந்தது என்பார்கள். இதன் இலையில் 'வாசிசின்' என்ற சத்து உள்ளது. அதை அடிப்படையாக வைத்துத்தான் 1960-களில் 'புரோம்ஹெக்சின்' என்ற சளி மருந்து வந்தது. இன்றைக்கும் பல இருமல் டானிக்கில் அது சேர்கிறது. ஆக, சளியை இளக்கி வெளியேற்ற ஆடாதோடை உதவும்.

ஆனால் ஆஸ்துமா வெறும் சளி நோய் இல்லை. மூச்சுக்குழாயின் உள்பக்கம் வீங்கி, குழாய் இறுகிப் போகிறது. அந்த வீக்கத்தைக் குறைக்க டாக்டர் தரும் தடுப்பு இன்ஹேலர் தினமும் வேண்டும். இறுக்கத்தைச் சில நிமிடத்தில் தளர்த்துவதும் இன்ஹேலர்தான். கஷாயம் அந்த வேகத்தில் வேலை செய்யாது. டாக்டர் சொன்ன அளவில் எடுத்தால் இன்ஹேலர் போதை மாதிரிப் பழகாது. நல்லா இருக்கேன் என்று நாமாக நிறுத்துவதுதான் ஆபத்து.

கவனிக்க வேண்டியவை

* கர்ப்பிணிகள் ஆடாதோடை சாப்பிடக் கூடாது. அது கர்ப்பப்பையைச் சுருங்கச் செய்யும், கரு கலையலாம். கர்ப்பமாக இருந்தாலும் இன்ஹேலரைத் தானாக நிறுத்தாதீர்கள். தாய்க்கு மூச்சு முட்டினால் வயிற்றுப் பிள்ளைக்கும் முட்டும்.
* ஒரு வயது ஆகாத குழந்தைக்குக் கஷாயத்தில் தேன் கலந்து கொடுக்காதீர்கள்.
* ஊமத்தை இலையைப் புகைப்பது, அரைத்துக் குடிப்பது வேண்டவே வேண்டாம். அது விஷம். புத்தி தடுமாறும், உயிரும் போகலாம்.
* பேர் ஊர் இல்லாத பொட்டலப் பொடியை வாங்காதீர்கள். சிலவற்றில் ஸ்டீராய்டு மாத்திரையைப் பொடித்துக் கலக்கிறார்கள். இரண்டே நாளில் இழுப்பு நிற்கும். போகப் போக முகம் ஊதும், சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். உரிம எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி இருக்கிறதா என்று பாருங்கள்.
* "ஆஸ்துமாவை அடியோடு ஒழிப்போம்" என்று விளம்பரம் செய்வதே 1954-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

சித்த மருந்து சாப்பிட விருப்பம் என்றால் பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடம் போங்கள். இன்ஹேலர் எடுப்பதை அவரிடமும், மூலிகை சாப்பிடுவதை டாக்டரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள். வீட்டில் விறகுப் புகை, கொசுவத்திப் புகை, பீடிப் புகையைக் குறைத்தாலே பாதி தொல்லை குறையும்.

எப்போது ஓட வேண்டும்?

ஒரு வாக்கியம் முழுசாகப் பேச முடியவில்லை, மூச்சு விடும்போது விலா உள்ளே இழுக்கிறது, உதடு, நகம் நீலமாகிறது, இன்ஹேலர் அடித்தும் அடங்கவில்லை — இதில் ஒன்று இருந்தாலும் அடுப்பு மூட்டிக் கஷாயம் வைக்காதீர்கள். நோயாளியைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி உட்கார வையுங்கள். டாக்டர் சொன்னபடி இன்ஹேலர் கொடுத்துக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள். ஆம்புலன்ஸ் இலவசம், ராத்திரி ஆட்டோவுக்குக் காசில்லையே என்று விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

அடுத்த கூட்டத்தில் ஒரு வேலை செய்வோம். நம் குழுவில் யார் வீட்டில் இழுப்பு இருக்கிறது, இன்ஹேலர் கைவசம் இருக்கிறதா, தீர்ந்து போச்சா என்று கேட்டு, தீர்மான நோட்டில் எழுதி வைப்போம். தீர்ந்திருந்தால் மறுநாளே அவரோடு ஒருத்தர் துணைக்கு ஆஸ்பத்திரிக்குப் போய் வருவோம்.